யாருடைய வலம்

எங்கள் எல்லோருக்கும் அவள் எக்ஸ்ரே அக்கா. எனக்கு அவளைவிட வயது கூடுதல்தான். ஆனாலும் அக்கா என்றுதான் வாயில் வரும். ஒருவனை அசையாமல் நிற்க வைத்து, மூச்சைப் பிடிக்கச் சொல்லி, எலும்பு வரைக்கும் பார்த்துவிடுகிறவளை வேறெப்படிக் கூப்பிடுவது? அவளுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. கியரைப் பற்றிக் கேட்டால் திருதிருவென்று முழிப்பாள். ஆனால் இன்றைக்கு எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிள் பந்தயம் என்று ஒன்று ஒழுங்காக நடக்கிறதென்றால், அதற்கு அவள்தான் காரணம். இப்படிச் சொல்வது அவளுக்குப் பிடிக்காது. அவளுக்குப் பிடிக்காததைச் செய்வதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம் உண்டு.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. நகலெடுக்கும் கடை வைத்திருக்கிறேன். பந்தயத்தில் எப்போதும் கடைசியாக வருகிறவன். அதனால் 'கடைசி' என்றே பெயர் நிலைத்துவிட்டது. மரியாதை தெரிந்தவர்கள் 'கடைசி அண்ணன்' என்பார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முன்னால் போகிறவனுக்குச் சாலை மட்டும்தான் தெரியும். பின்னால் வருகிறவனுக்கு எல்லோருடைய முதுகும் தெரியும்.

ஊரை ஒட்டி ஒரு தொழிற்பேட்டை. அதைச் சுற்றி வட்டமாக ஒரு குறுகலான சாலை. வாரம் முழுக்க லாரிகள் அதைப் போட்டு மிதிக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆலைகளெல்லாம் மூடியிருக்க, சாலை துடைத்துவிட்ட மாதிரி கிடக்கும். வட்டத்துக்கு நடுவில் உயரமான தண்ணீர்த் தொட்டி, அதன் காலடியில் தொழிலாளர் குடியிருப்பு. வட்டத்துக்கு வெளியே, கால்வாயைத் தாண்டி, இன்னொரு குடியிருப்பு. உள்ளே இருந்து வருகிற நாங்கள் தொட்டிக் குழு. வெளியே இருந்து பாலம் தாண்டி வருகிறவர்கள் கால்வாய்க் குழு. ஒரு காலத்தில் இரண்டும் ஒன்றாக இருந்ததாம். அப்போது அவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு ஒன்றே ஒன்றுதான்: இந்தச் சாலையில் எல்லோரும் வலமாகத்தான் ஓட்ட வேண்டும். பிறகு என்னவோ ஒரு கோப்பைக்காகச் சண்டை வந்து பிரிந்தார்கள். பிரிந்தவர்கள் முட்டி தேய்ந்து வீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். சண்டை மட்டும் ஓய்வு எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் காலத்தில் அந்தச் சண்டைக்கு ஒரே வாசகம்தான். 'அவங்க பேச்சு மாறினவங்க. எதிர்த்திசையில ஓட்டறவங்க.' இதை நாங்கள் அவர்களைப் பார்த்துச் சொல்வோம், அவர்கள் எங்களைப் பார்த்துச் சொல்வார்கள். முகத்தில் முழிக்கவே பிடிக்காமல், அவர்கள் இருட்டு பிரிவதற்குள் ஓட்டி முடித்துவிடுவார்கள், நாங்கள் வெயில் வந்த பிறகு இறங்குவோம். இப்படி வேளை பிரித்துக்கொண்டதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகாத வரைக்கும் ஆகவில்லை.

அக்காவின் தம்பி எங்கள் குழுவில் இருந்தான். லேத் பட்டறையில் வேலை. அப்பா அம்மா இல்லாத வீடு. அக்காதான் படிக்க வைத்து, வேலையில் சேர்த்து, முதல் பந்தய சைக்கிளையும் வாங்கிக் கொடுத்தவள். கால்வாய்க் குழுவுக்குத் தலைவன் ஒரு வெல்டர். அவனுக்கும் ஒரு தம்பி, அவனும் ஓட்டுகிறவன். இரண்டு தம்பிகளும் கிட்டத்தட்ட ஒரே வயது. ஒரே பள்ளியில் கூடப் படித்திருக்கலாம், யார் கேட்டார்கள்?

எங்கள் குழுவின் பந்தயம் நெருங்குகிறதென்று அக்காவின் தம்பி ஒரு ஞாயிறு விடியற்காலையே தனியாகக் கிளம்பிப் போனான். பனி மூடியிருந்தது. பாய்லர் ஆலையின் மதில் சாலையை ஒட்டி வளைகிற இடத்தில், எதிரே வருவது என்னவென்று கிட்டத்தில் வரும்வரை தெரியாது. காலிச் சாலைதானே என்று எல்லோரும் வளைவை உள்ளே அறுத்துத்தான் போவோம். அவனும் அறுத்தான். எதிரே வெல்டரின் தம்பியும் அறுத்தான்.

ஆஸ்பத்திரியில் அன்றைக்கு எக்ஸ்ரே அறையில் அக்கா ஒருத்திதான். இரண்டு தம்பிகளையும் அவளே படம் எடுத்தாள். அவள் தம்பிக்குக் காரை எலும்பு, அதாவது தோளையும் கழுத்தையும் சேர்க்கிற எலும்பு, இரண்டாக முறிந்திருந்தது. வெல்டரின் தம்பிக்குத் தலையில் அடி. மதியத்துக்குள் அவன் போய்ச் சேர்ந்துவிட்டான்.

"நினைவே இல்லாம கிடக்கான். அவன்கிட்ட போய் 'மூச்சைப் பிடிங்க'ன்னு சொல்லிட்டேன் அண்ணே, பழக்கத்துல," என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். நான் டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

விபத்து என்று எழுதிப் போலீஸ் கோப்பை மூடியது. வெல்டர் மூடவில்லை. இணையத்தில் எல்லோரும் பார்க்கிற பக்கத்தில் தம்பியின் படத்தைப் போட்டு எழுதினான்: 'என் தம்பி வலமாகத்தான் போனான். எதிர்த்திசையில் வந்து அவனைக் கொன்றவன், "நானும் வலமாகத்தான் போனேன்" என்று பொய் சொல்லிக்கொண்டு திரிகிறான்.' அதன் கீழே இரண்டு குழுவும் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கியது. நாக்கில் நரம்பில்லாதவர்களுக்குக் கட்டைவிரல் கிடைத்தால் கேட்கவா வேண்டும். செத்தவனை விட்டார்களா, பிழைத்தவனை விட்டார்களா, இரண்டு வீட்டுப் பெண்களை விட்டார்களா! பாதிக்கு மேல் படிக்காமல் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

தம்பி அதையெல்லாம் படித்தான். எலும்பு கூடிவிட்டது. பட்டறைக்குப் பஸ்ஸில் போய்வந்தான். சைக்கிளை நடைவழிச் சுவரில் மாட்டிப் பழைய போர்வையால் மூடினான். வீட்டில் பேச்சு நின்றுபோனது. எப்போதாவது சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி ஒன்றே ஒன்று சொல்வான்: "நான் வலமாத்தான்க்கா போனேன்."

அக்கா "தெரியும்டா" என்பாள். ஆனால் அவளுக்குத் தெரியாது. அதுதான் அவளை அரித்தது. தம்பி பொய் சொல்லுகிறவன் இல்லை. அந்தப் பக்கம் ஒரு குழுவே சேர்ந்து, செத்தவன் மேல் ஆணையிட்டு, தங்கள் பையன்தான் வலமாகப் போனான் என்கிறது. இரண்டில் ஒன்றுதானே உண்மையாக இருக்க முடியும்? பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தவனை உள்ளுக்குள் ஒரு மூலையில் சந்தேகப்பட்டுக்கொண்டே அவனுக்குச் சோறு போடுவது சாதாரண வேதனை இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளிடம் சைக்கிள்காரர்கள் வந்தபடிதான் இருந்தார்கள். விழுகிறவன் கையை ஊன்றுவான், காரை எலும்பு போகும். எல்லோருக்கும் ஒரே முறிவு. தொட்டிக்காரனும் கால்வாய்க்காரனும் அதே பெஞ்சில் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, ஒருவன் முகத்தை ஒருவன் பார்க்காமல் சுவரில் இருந்த அறிவிப்பைத் திரும்பத் திரும்பப் படிப்பார்கள். ஒரு நாள் அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. படம் எடுத்ததும் அன்றைக்கு வந்திருந்த இருவரிடமும் எண்ணை வாங்கிப் போனில் ஒரு செய்திக் குழுவைத் தொடங்கினாள். அதற்குக் 'காரை எலும்பு' என்று பெயர் வைத்தாள்.

அதற்குப் பிறகு யார் முறித்துக்கொண்டு வந்தாலும் சேர்ப்பாள். முறிந்த எலும்புக்கு எந்தக் கட்சியும் இல்லை என்பது அவள் எண்ணம். கொஞ்ச நாளில் முழு எலும்புக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. "ஒரு குழுவுல சேர எலும்பை ஒடிச்சுக்கணுமா?" என்று மருந்துக்கடைக்காரரே கேட்டார், அவர்தான் எங்கள் தொட்டிக் குழுவின் தலைவர். எல்லோரையும் சேர்த்தாள். என்னைச் சேர்த்து, "அண்ணே, நீங்க கடையில சும்மாதானே உக்காந்திருக்கீங்க" என்று பாதிப் பொறுப்பையும் என் தலையில் கட்டினாள். நான் சும்மா உட்கார்ந்திருப்பது ஊருக்கே தெரிந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

சட்டம் கொஞ்சம்தான். சாலையில் எங்கே குழி, எங்கே எண்ணெய் சிந்தியிருக்கிறது, எங்கே நாய், இதைப் போடலாம். வண்டி எடுக்கும்போது 'போயிட்டு வரேன்' என்று போட வேண்டும். வீடு திரும்பியதும் 'வந்துட்டேன்' என்று போட வேண்டும். எவனாவது 'வந்துட்டேன்' போடாவிட்டால் அக்கா விடமாட்டாள், வீட்டுக்கே போன் போட்டுவிடுவாள். குளித்துக்கொண்டிருந்தவனைப் பாதியில் வெளியே வரவழைத்த கதையெல்லாம் உண்டு. சண்டை ஆரம்பித்தால் குழுவைப் பூட்டிவிட்டு ஒரு வரி போடுவாள்: 'அசையாதீங்க. மூச்சைப் பிடிங்க.' யாராலும் ஒரு எழுத்துக்கூடப் போட முடியாது. சூடு ஆறியதும் திறந்துவிட்டு, 'மூச்சு விடலாம்.' மீசை வைத்த பெரிய மனிதர்களெல்லாம் அந்த வரிக்காகப் போனைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

அவள் தம்பி மட்டும் அதில் சேரவில்லை. வெல்டர் சேர்ந்திருந்தான். தன் ஆட்கள் எல்லோரும் அதில் இருக்கிறார்களே என்று சேர்ந்தவன், ஒரு வார்த்தை எழுதியதில்லை. அவன் படிப்பது மட்டும் தெரியும். தினமும் அத்தனை 'வந்துட்டேன்'களையும் அவன் எப்படித்தான் படித்தானோ.

இரண்டு வருஷம் ஓடியது. குழு வளர்ந்தது. ஒருவன் உயரம் கூடிவிட்ட மகனின் சைக்கிளை எதிர்க்குழுக்காரனின் மகளுக்குக் கொடுத்தான். கால்வாய்க்காரன் ஒருவனுக்கு ரத்தம் வேண்டியிருந்தபோது எங்கள் ஆட்கள் போய்ப் படுத்தார்கள். கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஒரு பந்தயம் வைக்கலாமே என்று பேச்சு வந்தது. முதலில் ஒரு ஞாயிறு ஒன்றாக ஓட்டிப் பார்ப்பது. ஒரே கோட்டில் நின்று புறப்பட இரண்டு தரப்புக்கும் மனம் வரவில்லை. சரி, அவரவர் வாசலிலிருந்து புறப்படட்டும், ஆனால் ஒரே நேரம், ஒரே திசை. எந்தத் திசை? அதை எங்களில் யார் சொன்னாலும் வெட்டுக்குத்து. அக்கா சொல்லட்டும் என்று விட்டோம்.

சனிக்கிழமை சாயங்காலம் அக்கா ஒரே ஒரு வார்த்தை போட்டாள்: 'வலம்.'

இரண்டு பக்கமும் ஒருவன் பாக்கியில்லாமல் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கால்வாய்க்காரர்கள் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் எங்கள் திசைக்கு இறங்கி வந்துவிட்டார்களே என்று மருந்துக்கடைக்காரருக்கு ஒரே பெருமை. அந்தப் பக்கத்திலும் இதே பெருமைதான் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் அக்காவுக்குக் காலை வேலை. அவள் பார்ப்பதற்காக நாங்கள் எல்லோரும் போனில் இருக்குமிடம் காட்டும் லொகேஷனைத் திறந்துவிட்டுப் போயிருந்தோம். ஒரு பெரியம்மாவின் முட்டியைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு வந்து போனைப் பார்த்தாள். வட்டச் சாலையில் ஒரு புள்ளிக் கூட்டம் இப்படிப் போகிறது, இன்னொரு கூட்டம் அப்படிப் போகிறது. முதலில் போனைத்தான் சந்தேகப்பட்டாளாம். தலைகீழாகத் திருப்பிப் பார்த்திருக்கிறாள். எப்படித் திருப்பினாலும் இரண்டு கூட்டமும் பாய்லர் ஆலை வளைவை நோக்கித்தான் போயின.

அவள் குழு மொத்தத்துக்கும் ஒரே அழைப்பைப் போட்டாள்.

ஓட்டும்போது யாரும் போன் எடுக்கமாட்டோம். முதுகுப் பையில் கிடந்து ஒன்று அடித்தால் அடிக்கட்டும் என்று விட்டிருப்போம். ஆனால் எல்லோருடைய போனும் ஒரே சமயத்தில் அடித்தது. ஒன்று மணியடிக்கிறது, ஒன்று குழந்தை மாதிரிச் சிரிக்கிறது, ஒன்று அலறுகிறது. முன்னால் போனவர்கள் திட்டிக்கொண்டே பிரேக்கைப் பிடித்தார்கள். நான் எட்டி வந்து சேர்ந்து போனை எடுத்தேன்.

"நில்லுங்க! வளைவுக்குப் போகாதீங்க! எதிர்ல வராங்க!"

எங்கள் போன்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. மணிச்சத்தம் மட்டும் ஓயவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டுக்கொண்டிருந்தது.

இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வளைவைத் திரும்பினோம். அவர்களும் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அங்கே ஒரு விளக்குக் கம்பத்தில் வெல்டரின் தம்பியுடைய தண்ணீர் பாட்டில் கட்டியிருக்கும். வெயிலில் வெளுத்துப் போயிருந்தது. அந்த இடத்தில் இரண்டு குழுவும் நேருக்கு நேர் நின்றது அதுதான் முதல்முறை.

வெல்டர்தான் ஆரம்பித்தான். "வலம்னுதானே போட்டிருந்தாங்க? உங்க ஆளுங்களுக்குப் படிக்கத் தெரியாதா?"

"நாங்க வலந்தான் வந்தோம்," என்றார் மருந்துக்கடைக்காரர். "நீங்கதான் வழக்கம்போல..."

"என்ன வழக்கம்? எங்களுக்குப் பொய் சொல்ற வழக்கமெல்லாம் கிடையாது. பாலம் தாண்டினோம், இப்படித் திரும்பினோம்." வெல்டர் வலது கையை நீட்டிக் காட்டினான்.

"நாங்களுந்தான்யா! வாசலைத் தாண்டினதும் இப்படி." மருந்துக்கடைக்காரரும் வலது கையை நீட்டினார்.

எதிரெதிரே நின்றிருந்தார்கள். இரண்டு பேரும் வலது கையைத்தான் நீட்டியிருந்தார்கள். ஒரு கை தொட்டிப் பக்கம் காட்டியது, ஒரு கை கால்வாய்ப் பக்கம் காட்டியது. நீட்டிய கையை யாரும் மடக்கவில்லை. உள்ளே இருந்து வருகிறவனுக்கு வலம் ஒரு திசை, வெளியே இருந்து வருகிறவனுக்கு வலம் அதற்கு எதிர்த்திசை. பிரிந்த நாளிலிருந்து இரண்டு குழுவும் கொடுத்த வாக்கை அட்சரம் பிசகாமல் காப்பாற்றிவந்திருக்கிறது. அதனால்தான் எதிரும் புதிருமாக ஓடியிருக்கிறது. இது தெரியாமல் எத்தனை வருஷம்! எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கம்பத்தில் கட்டியிருந்த பாட்டிலைப் பார்த்த பிறகு சிரிப்புக்கு வழியில்லாமல் போயிற்று.

வெல்டர் கையை இறக்கினான். நீட்டியிருந்த அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். சைக்கிள் தானாகச் சாய்ந்து விழுந்தது, அவன் அதைப் பிடிக்கவில்லை. மதிலோரமாகப் போய்க் குந்தினான்.

"அப்போ அந்தப் பையன்..." என்றான். அவன் ஆட்கள் அவனைச் சுற்றி நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் எங்கள் ஆட்களும் நின்றார்கள்.

அன்று மதியம் குழுவில் அக்கா எழுதினாள்: 'தப்பு என்னுது. எதிர்ல நிக்கறவங்களோட வலம் நமக்கு இடம். படத்துல மாறிடக் கூடாதுன்னு தினமும் ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் வலமா இடமான்னு ஈய எழுத்து வெச்சுத்தான் எடுக்கறேன். வலம்னா யாரோட வலம்னு சொல்லாம விட்டுட்டேன். இன்னைக்கு உங்களை எல்லாம் கொன்னிருப்பேன். எனக்கு இந்தப் பொறுப்பு வேண்டாம். சாயங்காலம் குழுவை மூடிடறேன்.'

அவள் சொன்னால் செய்கிறவள். நான் போன் போட்டேன், எடுக்கவில்லை. மூடாதீங்க அக்கா என்று ஒவ்வொருவனாக எழுதிக் கெஞ்சினான். அவள் எதற்கும் பதில் சொல்லவில்லை. இவ்வளவு பாடுபட்டுக் கட்டியதை ஒரு வார்த்தைக்காக இடிக்கிறாளே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இரண்டு வருஷத்துக்கும் மேலாகத் தம்பியின் பேச்சை நம்பவும் முடியாமல் நம்பாமலிருக்கவும் முடியாமல் இருந்தவளுக்கு அன்றைக்கு என்ன நடந்திருக்கும் என்று அந்தக் கோபத்தில் நான் யோசிக்கவில்லை.

வெயில் தாழ்கிற நேரத்தில் குழுவில் ஒரு புது எண் பேசியது. அதாவது, இருந்த எண்தான். இதுவரை பேசாத எண். வெல்டர் எழுதியிருந்தான்.

'அக்காவோட தம்பி பொய் சொல்லலை. என் தம்பியும் தப்பாப் போகலை. ரெண்டு பேரும் வலமாத்தான் போனாங்க. நான் எழுதினதை எல்லாம் அழிச்சுட்டேன். படிச்சவங்க மனசுல இருந்து எப்படி அழிக்கறதுன்னு தெரியலை. அக்கா குழுவை மூடாதீங்க. அன்னைக்கு இது இருந்திருந்தா என் தம்பி வந்துட்டேன்னு போட்டிருப்பான்.'

அக்கா மூடவில்லை. அந்தச் செய்தியைத் தம்பியிடம் காட்டினாளாம். அவன் நின்றபடியே படித்தான். போனைத் திருப்பிக் கொடுத்தான். முகத்தைக் கழுவப் போனவன் குழாயைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் உள்ளேயே இருந்தான். அவன் வெளியே வந்தபோது, "நான் உன்னைச் சந்தேகப்பட்டேன்டா" என்று அக்கா உடைத்துச் சொல்லிவிட்டாள்.

"தெரியும்க்கா," என்றான் அவன். "என்னையே நான் சந்தேகப்பட்டேன்."

திசைக்குப் புதுச் சட்டம் வந்தது. வலமும் இல்லை, இடமும் இல்லை: 'தொட்டி வலது தோள் பக்கம்.' எந்த வாசலிலிருந்து வந்தாலும் வட்டத்தின் நடுவில் இருக்கிற தொட்டி வலது தோள் பக்கம் இருந்தால் சரி. அறிவிப்புப் பலகையே வைத்துவிட்டோம். கால்வாய்க்காரர்கள் திசையை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. வெல்டர் ஒரு பேச்சுப் பேசாமல் முதல் ஆளாக மாற்றிக்கொண்டான்.

தம்பி உடனே வந்து ஏறிவிட்டான் என்று நினைக்காதீர்கள். மனிதன் என்ன மின்விசிறியா, பொத்தானை அழுத்தியதும் சுற்றுவதற்கு. மழைக்காலம் ஒன்று போனது. ஒரு நாள் போர்வை எடுக்கப்பட்டது. ஒரு நாள் செயினுக்கு எண்ணெய் விடப்பட்டது. அக்கா எதையும் பார்க்காத மாதிரி இருந்தாள். பிறகு ஒரு சனிக்கிழமை, "என்னையும் அதுல சேருக்கா" என்று கேட்டான்.

இதற்கு மேல் நான் நேரில் பார்த்தது. அதற்குக் காரணம் என் காரை எலும்பு. பந்தயத்தில் வேகமாகப் போய் முறித்துக்கொண்டேன் என்று சொல்ல ஆசைதான். உண்மை என்னவென்றால், வீட்டு வாசலில் நின்ற வண்டியிலிருந்து, பெடலில் மாட்டிய ஷூவைக் கழற்றத் தெரியாமல், அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தேன். மனைவி கோலெடுத்து அடிக்காத குறை. இரண்டு வருஷத்துக்கும் மேலாகக் 'காரை எலும்பு' குழுவுக்கு எலும்பு முறியாத பொறுப்பாளனாக இருந்தவனுக்கு அன்றைக்குத்தான் முழுத் தகுதி வந்தது.

அக்கா என் சட்டையைக் கழற்றச் சொல்லி, பலகைமுன் நிறுத்தி, தோளுக்குப் பக்கத்தில் ஈய எழுத்தை ஒட்டினாள். அப்போதுதான் மேஜையில் கிடந்த போனைக் காட்டினாள். குழுவில் அவள் தம்பி எழுதியிருந்தான்: 'போயிட்டு வரேன்.'

"முதல் தடவை, அண்ணே. தனியாத்தான் போறேன்னுட்டான்."

புள்ளி வட்டச் சாலையில் போய்க்கொண்டிருந்தது. தொட்டி வலது தோள் பக்கம். எனக்குத் தோள் உயிர் போகிற வலி. இருந்தும் போனைப் பார்த்தபடியேதான் நின்றேன். பாய்லர் ஆலை வளைவுக்கு வந்ததும் புள்ளி நின்றுவிட்டது.

வெளியே பெஞ்சில் யாரோ இருமினார்கள். புள்ளி நகரவேயில்லை. அவள் போனைக் கையில் எடுத்தாள், அழைக்கவில்லை, கீழே வைத்தாள். அப்போது பாலத்துப் பக்கமிருந்து இன்னொரு புள்ளி கிளம்பியது. தொட்டியை வலது தோளில் வைத்துக்கொண்டு, வட்டத்தை முக்கால்வாசி சுற்றி, அதே வளைவுக்கு வந்து, முதல் புள்ளிக்குப் பக்கத்தில் நின்றது. அது வெல்டருடையது. அவன் குறுக்கு வழியில் வரவில்லை. இரண்டு புள்ளிகளும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றன, பிறகு ஒன்றாகக் குடியிருப்பு வாசலுக்கு நகர்ந்தன. வளைவில் என்ன பேசினார்கள் என்று இன்றுவரை இருவரும் யாரிடமும் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காமல் விடுகிற ஆள் இல்லை நான், அதுவும் எல்லோருக்கும் தெரியும்.

"அண்ணே, படத்தை எடுத்துடலாம்," என்றாள் அக்கா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனாள். "அசையாதீங்க. மூச்சை இழுத்துப் பிடிங்க."

இழுத்துப் பிடித்தேன். இயந்திரம் டொக்கென்றது. அதே நேரத்தில் அவள் போனும் ஒலித்தது. அவள் அதை எடுத்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். நான் மூச்சைப் பிடித்தபடி கண்ணாடி வழியாக அவளையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்; அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள்; என்னை அடியோடு மறந்துபோனாள். எனக்கு முகம் சிவந்து, கண் பிதுங்கத் தொடங்கியது.

"அக்கா... விடலாமா?" என்று எப்படியோ கேட்டுவிட்டேன்.

"ஐயோ அண்ணே! விடுங்க, விடுங்க, மூச்சு விடுங்க!"

ஓடிவந்து போனை என் முன்னால் நீட்டினாள். எழுதியிருந்தது அவள் தம்பி இல்லை, வெல்டர். வெளியே போகும்போது ஒருநாளும் அந்தக் குழுவில் சொல்லிக்கொண்டு போகாதவன், திரும்பி வந்ததாக ஒருநாளும் எழுதாதவன், எழுதியிருந்தான்:

'தம்பியும் நானும் வந்துட்டோம்.'